புதுசாக எதுவும் இல்லாத ஆராய்ச்சிக்குக் காசு கொடுங்கள்

காலநிலை மாற்றம் பற்றிய ஏதாவது ஒரு பல்கலைக்கழக ஆய்வு செய்தியில் அடிபடாத வாரமே கிடையாது. புதுக் கணினி மாதிரி, புதுக் கணிப்பு, புது எச்சரிக்கை. நல்லதுதான், நானும் விடாமல் படிக்கிறேன். ஆனால் அந்த ஆய்வுகள் எல்லாமே காலூன்றி நிற்பது வேறொரு வேலையின் மேல். ஒரே இடத்தில், ஒரே பொருளை, ஒரே முறையில், பத்து வருடம் இருபது வருடம் ஐம்பது வருடம் என்று அளந்துகொண்டே இருக்கும் வேலை. அது செய்தியில் வராது. அதைச் செய்பவருக்குப் பெயர் குறைவு, பதவி உயர்வு குறைவு, பணம் ரொம்பவே குறைவு. காலநிலை ஆராய்ச்சியில் நடக்கிற பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

கீலிங் வளைவு என்ற வரைபடத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி, மொத்தத்தில் மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும் கோடு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லஸ் டேவிட் கீலிங், 1958 மார்ச்சில் தொடங்கிய அளவீடு அது. அப்போது அவருக்கு 29 வயது. ஹவாயில் மௌனா லோவா எரிமலைச் சரிவில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், கருவியை அமைத்தார்கள். சுற்றிலும் எரிமலைப் பாறை. மரம் செடி கிடையாது, பக்கத்தில் ஊர் கிடையாது, பசிபிக் கடலைக் கடந்து வரும் சுத்தமான காற்று. முதல் அளவு 313 பிபிஎம். அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 313 பங்கு கார்பன் டை ஆக்சைடு.

எரிமலையே வாயு கக்குமே, அந்த அளவு எப்படிச் சரியாகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சில இரவுகளில் மலை உச்சியிலிருந்து இறங்கும் காற்று எரிமலை வாயுவைக் கொண்டுவரும். அந்த நேரங்களில் அளவு தாறுமாறாகக் குதிக்கும், அதனால் கண்டுபிடிப்பதும் எளிது. அந்த மணிநேரங்களைத் தனியாக எடுத்து ஒதுக்கிவிடுவார்கள். கருவி போக, கண்ணாடிக் குடுவைகளிலும் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்ப்பார்கள். குடுவையைத் திறப்பவர் காற்று வரும் திசையைப் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நாம் வெளியே விடும் மூச்சில் வெளிக்காற்றில் இருப்பதைப் போல நூறு மடங்கு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. ஒரு மூச்சு கலந்தாலும் அந்தக் குடுவை வீண். அப்புறம், தெரிந்த அளவு வாயு அடைத்த உருளைகளை வைத்து, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். ஒரு பிபிஎம்மில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கீலிங் விடமாட்டார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? வருடாந்திர ஏற்றம் ஆரம்பத்தில் ஒரு பிபிஎம்கூடக் கிடையாது. கருவியில் சின்னப் பிசகு இருந்தால் அந்த ஏற்றம் அதில் மூழ்கிப் போயிருக்கும். அவர் பிடிவாதம் பிடித்ததால்தான் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. வட அரைக்கோளத்தின் காடுகளும் புல்வெளிகளும் கோடையில் கார்பனை இழுத்து, இலையுதிர்ந்து மக்கும்போது திருப்பி விடுகின்றன. அந்த ரம்பப் பல் அதுதான். அதற்கு மேல், எந்த வருடமும் பழைய இடத்துக்குத் திரும்பாமல் மொத்த அளவு ஏறிக்கொண்டே போகிறது. 2024-ன் ஆண்டுச் சராசரி 424-ஐத் தாண்டிவிட்டது. அண்டார்க்டிகாவின் ஆழ்பனியில் சிக்கிய பழங்காலக் காற்றுக் குமிழ்களை பெர்ன் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு ஆய்வகங்களும் அளந்து பார்த்தன. தொழிற்புரட்சிக்கு முந்தைய 8 லட்சம் வருடங்களில் அது 300-ஐத் தொட்டுக் கடந்து போனதாகத் தடயமே இல்லை.

சரி, இவ்வளவு முக்கியமான அளவீட்டை உலகம் எப்படி நடத்தியது? ஸ்கிரிப்ஸ் வெளியிடும் மாதவாரிக் கோப்பை யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். எண்களைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். 1964-ல் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு நேராக மைனஸ் 99.99 என்று இருக்கும். அளவு இல்லை என்பதற்கான குறி அது. நிதி வெட்டு. ஆள் இல்லை, அளவு இல்லை. அதற்கு அப்புறமும் பல வருடங்கள், இது வழக்கமான அளவீடுதானே, இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது என்ற கேள்வியோடு கீலிங் மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தார். அறிவியல் பக்கத்தில் அவருக்கு வந்த சிக்கல்களைவிட நிதி கேட்டு எழுதிய விண்ணப்பங்களில் வந்த சிக்கல்கள் அதிகம்.

2022 நவம்பர் கடைசியில் மௌனா லோவா நிஜமாகவே வெடித்தது. எரிமலைக் குழம்பு பாதையை அறுத்தது, மின்சாரம் போனது, அளவீடு நின்றது. டிசம்பரிலேயே பக்கத்து மலையான மௌனா கேயாவில் கருவிகளை வைத்து மறுபடி அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். எரிமலையால் சில வாரம்தான் நிறுத்த முடிந்தது. பட்ஜெட் மூன்று மாதம் நிறுத்தியது. 2025-ல் அமெரிக்க அரசு வைத்த பட்ஜெட் முன்மொழிவில், அந்நாட்டின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் காலநிலை ஆராய்ச்சிக்கான நிதியை அடியோடு வெட்டும் திட்டமும் மௌனா லோவா நிலையத்தை மூடும் திட்டமும் இருந்தன. ஆக, 1964-ல் தீர்ந்த பிரச்சினை என்று இதை நினைக்க வேண்டாம்.

கீலிங் 2005-ல் இறந்தார். மகன் ரால்ஃப் கீலிங் அந்தப் பதிவைத் தொடர்கிறார். அவர் தனியாக ஆக்சிஜனையும் பல வருடங்களாக அளந்துவருகிறார். அது இன்னும் கஷ்டம்: காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன், அதில் வருடத்துக்குச் சில பிபிஎம் குறைவதைப் பிடிக்க வேண்டும். அந்தக் குறைவுதான் ஒரு பெரிய வாதத்தை முடித்துவைத்தது. கூடுதல் கார்பன் கடலிலிருந்து கசிந்து வந்திருந்தால் ஆக்சிஜன் குறைய வேண்டிய காரணம் இல்லை. எரித்தால்தான் குறையும்.

ஸ்வீடனின் வடக்கே ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்துக்கு டார்ஃபாலா என்று ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே ஸ்டூர்கிளாசியாரென் என்ற பனியாற்றை 1946 வாக்கிலிருந்து அளந்துவருகிறார்கள். உலகத்திலேயே இடைவிடாமல் நடக்கும் மிக நீண்ட பனியாற்றுக் கணக்கு அது. முறை ரொம்ப எளிமை. குளிர்கால முடிவில் பனியில் குழி தோண்டி, எவ்வளவு ஆழம், எவ்வளவு அடர்த்தி என்று பார்க்கிறார்கள். பனிக்கட்டியில் துளை போட்டுக் கழிகளை நடுகிறார்கள். கோடை முடிந்ததும் போய், கழி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளக்கிறார்கள். சேர்ந்தது எவ்வளவு, கரைந்தது எவ்வளவு, கழித்தால் வருவது அந்த வருடத்தின் கணக்கு. இதைச் செய்யத் தோள் வலிமையும் நோட்டுப் புத்தகமும் போதும் என்று தோன்றும். ஆனால் ஒரு வருடம் விட்டுவிட்டால் அந்த வருடத்தின் கோடையை மறுபடி யாரும் கொண்டுவந்து தர முடியாது. ஆய்வகச் சோதனை தவறினால் நாளைக்குத் திரும்பச் செய்யலாம், இதில் அந்த வசதி கிடையாது.

"தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது, இனி ஆராய்ச்சிக்குக் கொட்டும் பணத்தைச் செயலில் கொட்டலாமே" என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். இதில் பாதியை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். நிலக்கரியையும் எண்ணெயையும் குறைப்பதற்கு இன்னொரு ஆய்வுக் கட்டுரைக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாண்டே அர்ஹீனியஸ் 1896-லேயே கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி சூடாகும் என்று கையால் கணக்குப் போட்டுக் காட்டினார். 1967-ல் மனாபே, வெதரால்டு என்ற இரு காலநிலை விஞ்ஞானிகள் கணினி மாதிரியில் போட்ட கணக்கு இன்றைக்கும் தாக்குப்பிடிக்கிறது. மனாபேக்கு 2021-ல் இயற்பியல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் செயல் என்று இறங்கிய பிறகுதான் அளவீடு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. எனக்குத் தெரிந்து இதற்கு மிக நல்ல சாட்சி சிஎஃப்சி-11 கதை.

சிஎஃப்சி-11 ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு, கூடவே கார்பன் டை ஆக்சைடைப் போலப் பல ஆயிரம் மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும் வாயு. 1987-ன் மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி 2010-க்குள் உலகம் முழுவதும் அதன் தயாரிப்பு நின்றிருக்க வேண்டும். எல்லா நாடுகளும் நின்றுவிட்டது என்றே கணக்குக் காட்டின. 2018-ல் நோவா விஞ்ஞானிகள் ஒன்றைச் சொன்னார்கள்: காற்றில் அந்த வாயு குறையும் வேகம் 2012-க்குப் பிறகு தளர்ந்துவிட்டது, யாரோ புதிதாக உற்பத்தி செய்கிறார்கள். யார்? தென்கொரியாவின் ஜேஜு தீவில் கோசான் என்ற இடத்தில் கியுங்புக் தேசியப் பல்கலைக்கழகத்தார் நடத்தும் நிலையம் இருக்கிறது. கடல் பக்கமிருந்து காற்று வரும்போது அளவு சாதாரணமாக இருக்கும். கண்டத்தின் பக்கமிருந்து வரும்போது திடீரென எகிறும். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களோடு சேர்ந்து, ஜப்பானின் ஹதெருமா நிலைய அளவுகளையும் வைத்து, காற்று வந்த வழியைக் கணினியில் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். கூடுதல் வாயுவில் குறைந்தது 40 முதல் 60 சதவீதம் கிழக்குச் சீனாவிலிருந்து, குறிப்பாக ஷான்டோங், ஹெபெய் மாகாணங்கள் பக்கமிருந்து வருகிறது என்று 2019-ல் வெளியிட்டார்கள். அதற்குள் அங்கே அதிகாரிகளின் சோதனைகளும் ஆரம்பித்திருந்தன. 2021-ல் வந்த ஆய்வுகள் அந்த வாயு மறுபடி சரிந்துவிட்டதைக் காட்டின.

இதை யோசித்துப் பாருங்கள். யாரும் குற்றவாளியைத் தேடி கோசான் நிலையத்தைக் கட்டவில்லை. அளந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த அளவு இருந்ததால் ஒரு சர்வதேச ஒப்பந்தம் பிழைத்தது. 2015-ன் பாரிஸ் ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு நாடும் தன் உமிழ்வைத் தானே கணக்கெடுத்துத் தானே சொல்கிறது. அந்தக் கணக்கைக் காற்றில் வைத்துச் சரிபார்க்க ஆள் வேண்டாமா?

அளவீடு இல்லாத இடங்களின் நிலைமை என்ன என்பதும் இதே கதையின் இன்னொரு பக்கம். எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். காலநிலை விஞ்ஞானிகள் லூக் ஹாரிங்டன், ஃபிரெடெரிக்கே ஓட்டோ இருவரும் 2020-ல் எழுதிய ஒரு கட்டுரையில் உலகப் பேரிடர்த் தரவுத்தளத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 1900-லிருந்து பதிவான வெப்ப அலைகள் மொத்தம் இரண்டு, இறந்தவர்கள் 71 பேர். ஐரோப்பாவிலோ 1980-லிருந்து மட்டும் 83 வெப்ப அலைகள், ஒரு லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவுகள். ஆப்பிரிக்காவில் வெயிலுக்கு யாரும் சாகவில்லை என்றா அர்த்தம்? எண்ணுவதற்கு ஆள் இல்லை, எழுதிவைக்க ஏற்பாடு இல்லை என்று அர்த்தம்.

ஒரு வெப்ப அலைக்கோ பெருமழைக்கோ காலநிலை மாற்றம் எவ்வளவு காரணம் என்று சொல்லும் ஆராய்ச்சி இப்போது நன்றாக வளர்ந்திருக்கிறது. 2003-ல் ஐரோப்பாவை வறுத்த கோடையைப் பற்றி அடுத்த வருடமே ஸ்டாட், ஸ்டோன், ஆலன் என்ற மூன்று விஞ்ஞானிகள் எழுதினார்கள்: மனிதச் செயல் அப்படியொரு கோடைக்கான வாய்ப்பைக் குறைந்தது இரண்டு மடங்காக்கியிருக்கிறது. அப்படிச் சொல்வதற்கு முன்னால், அந்த இடத்தில் பழைய காலத்தில் இப்படி நடப்பது எவ்வளவு அரிது என்று தெரிய வேண்டும். அதற்கு நீண்ட பதிவு வேண்டும். பதிவு இல்லாத இடத்தில் விஞ்ஞானி கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். 2022-ல் எகிப்தில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், காலநிலை மாற்றத்தால் ஏழை நாடுகளுக்கு வரும் இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதியம் அமைக்க ஒப்புக்கொண்டார்கள். நாளைக்கு அந்தப் பணத்தைக் கேட்டு வரும் ஏழை நாட்டிடம் ஆதாரம் எங்கே என்று கேட்டால், அது எதை எடுத்துக் காட்டும்?

பூமி சூடாகிறது என்பதை நம்பாதவர்களுக்கும் இந்தப் பதிவுகள்தான் பதில் சொல்லியிருக்கின்றன. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லருக்கு வெப்பநிலைப் பதிவுகள் மீது சந்தேகம் இருந்தது. வானிலை நிலையங்களின் தரம் சரியில்லை, நகரச் சூடு கலந்திருக்கலாம் என்றார். 2010 வாக்கில் தனிக் குழு அமைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் கணக்குப் போட்டார். எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் பணம் கொடுத்தது. மற்றவர்களுக்கு வந்த விடையேதான் அவருக்கும் வந்தது. 2012-ல் அதைப் பகிரங்கமாகவே எழுதினார். அவர் மேல் எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனால் யாரோ பெயர் தெரியாதவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தினமும் வெப்பமானியைப் பார்த்து எழுதி வைத்திருக்காவிட்டால் அவர் சரிபார்க்க என்ன இருந்திருக்கும்?

பல்கலைக்கழகங்களின் வழக்கமோ இதற்கு நேர் எதிராக இருக்கிறது. திட்ட நிதி மூன்று வருடம், ஐந்து வருடம். முனைவர் பட்டம் அதற்குள் முடிய வேண்டும். எத்தனை கட்டுரை, எந்த இதழில் என்பதுதான் மதிப்பெண். நீண்டகாலப் பதிவு ஒன்றைப் பராமரிக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். கருவி பழுதாகும்போது இரவில் போய் நிற்பவர். பதவி உயர்வு நேர்காணலில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "இதில் உங்கள் புதிய பங்களிப்பு என்ன?" அவர் பதில் சொல்லத் திணறியதில் ஆச்சரியம் இல்லை. அறுபடாமல் தொடர்ந்ததுதான் அவருடைய பங்களிப்பு, அதை எழுத அந்த விண்ணப்பப் படிவத்தில் கட்டமே கிடையாது.

நான் கேட்பது பெரிய தொகைகூட இல்லை. செயற்கைக்கோளோடும் மீக்கணினியோடும் ஒப்பிட்டால் இந்த நிலையங்களின் செலவு சொற்பம். கருவி வாங்க ஒரு தடவை கொடுக்கும் பணத்தைவிட, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு நிரந்தர வேலை கொடுப்பது முக்கியம். தொழில்நுட்பப் பணியாளர் ஒப்பந்தம் முடிந்து போகும்போது அவரோடு அந்த நிலையத்தின் நுணுக்கமும் போய்விடுகிறது. தரவுத் தொகுப்பை வெளியிடுவதைக் கட்டுரை வெளியிடுவதற்குச் சமமாக எண்ணட்டும். நிதியைப் பத்து வருடத் தவணையில் கொடுக்கட்டும். அளவீடே இல்லாத நாடுகளில், அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கையிலேயே நிலையத்தையும் பணத்தையும் கொடுக்கட்டும். வெளியிலிருந்து வருபவர் தன் கட்டுரை முடிந்ததும் கருவியைக் கழற்றிக்கொண்டு போகும் பழக்கம் போதும்.

ஆராய்ச்சி நிதிக் குழுக்களில் இருப்பவர்கள், பல்கலைக்கழக நிர்வாகத்தில் இருப்பவர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் முன்னால் அடுத்து வரும் விண்ணப்பத்தில் "ஏற்கெனவே நடந்துவரும் அளவீட்டைத் தொடர" என்று இருந்தால் தயவுசெய்து அதை அடியில் தள்ளாதீர்கள். அந்தப் பேராசிரியர் எப்போது ஓய்வு பெறுகிறார், அவருக்கு அப்புறம் யார் பார்த்துக்கொள்வார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வேலைக்கு ஒரு பணியிடத்தை இந்த வருடமே ஒதுக்குங்கள்.