கொரோனா காலத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பேச ஓர் இடம் இருந்ததா?

2020லும் 2021லும் கல்லூரியில் இருந்த பிள்ளைகளைப் "பரீட்சை எழுதாமலே பாஸ் ஆன கூட்டம்" என்று இன்னமும் பேசுகிறார்கள். வேலைக்கான நேர்காணலில்கூட இதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் வருத்தப்பட்ட மாணவர்கள் உண்டு. அந்த இரண்டு வருடமும் ஒரு கலைக் கல்லூரியில் அவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். அந்தப் பேச்சைக் கேட்டால் வயிறு எரிகிறது.

2020 மார்ச் 17ல் தமிழ்நாட்டில் கல்லூரிகளை மூடினார்கள். மார்ச் 31 வரைதான் என்றார்கள். விடுதிப் பிள்ளைகள் நாலு துணியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஜூன் மாதம் அண்ணா பல்கலைக்கழக விடுதிகளைத் தனிமைப்படுத்தும் மையமாக்க வேண்டும் என்று சென்னை மாநகராட்சி கேட்டபோது, மாணவர்களின் பொருட்கள் இன்னும் அந்த அறைகளில்தான் கிடந்தன. டிசம்பரில் இறுதியாண்டுக்குத் திறந்தார்கள், 2021 மார்ச்சில் மறுபடி மூடினார்கள், செப்டம்பரில் திறந்தார்கள், 2022 ஜனவரியில் மீண்டும் பூட்டு.

எங்கள் கல்லூரிக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். அதிலும் பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்றால் வெறும் படிப்பு இல்லை. காலை ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை யாருக்கும் மகளாகவோ அக்காவாகவோ இல்லாமல் இருக்கக் கிடைத்த ஒரே இடம் அது. மரத்தடியில் உட்கார்ந்து தோழியிடம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வரலாம். ஊரடங்கு பறித்துக்கொண்டது அந்த ஐந்து மணி நேரத்தைத்தான். வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றிவிட்டோம் என்று நாம் திருப்திப்பட்டுக்கொண்டபோது, இதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆன்லைன் வகுப்பு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கேள்வி கேட்டால் மைக்கை ஆன் செய்வார்கள். பின்னால் மிக்ஸி ஓடும், டிவியில் சீரியல் ஓடும், "போனையே நோண்டிக்கிட்டு இரு" என்று ஒரு ஆண் குரல் கேட்கும். உடனே மியூட். அப்புறம் அந்தப் பிள்ளை அந்த வகுப்பு முடியும் வரை வாய் திறக்காது. பையன்களில் சிலர் காதில் இயர்போனோடு பனியன் கம்பெனியில் நின்றார்கள், சிலர் பார்சல் டெலிவரிக்குப் போனார்கள். 2021 தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்கு அரசு தினமும் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் வீட்டுக்கே ஒரு போன், அதுவும் அப்பாவுடையது என்றால் டேட்டா மட்டும் என்ன செய்யும்?

இதற்கு மேல் தேர்வுக் குழப்பம். 2020 ஆகஸ்ட் 26ல், அரியருக்குக் கட்டணம் கட்டியிருந்தால் பாஸ் என்று அரசு அறிவித்தது. பிள்ளைகள் கொண்டாடினார்கள். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ எதிர்த்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, 2021 ஏப்ரலில் தேர்வு நடத்தித்தான் ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இடையில் ஏறக்குறைய எட்டு மாதம், தான் டிகிரி முடித்தவனா இல்லையா என்றே தெரியாமல் ஒருவன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு ராத்திரி தூக்கம் வருமா? "மேம், எக்ஸாம் உண்டா இல்லையா?" என்று நள்ளிரவில் மெசேஜ் வரும். எனக்கே தெரியாது. 2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு ஆன்லைன் தேர்வு நடத்தியது. பலர் தோற்றார்கள், பலருக்கு முடிவையே நிறுத்திவைத்தார்கள், கடைசியில் மறுதேர்வு அறிவித்தார்கள். பரீட்சை எழுதாத கூட்டமாம்!

2021 மே மாதத்தில்தான் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. என் வகுப்பிலேயே அப்பாவை இழந்தவர்கள் இருந்தார்கள். உடலைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை என்றார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

உதவியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2020 ஜூலையில் மத்திய அரசு மனோதர்பன் என்ற மாணவர் மனநலத் திட்டத்தில் ஓர் உதவி எண் கொடுத்தது. மாநிலத்தில் 104 என்ற மருத்துவ உதவி எண் இருந்தது. சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986லிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. எண்களை எல்லாம் வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டேன். ஒரு மாணவி தனியாக எழுதினாள்: "நம்பர் இருக்கு மேம். எங்க நின்னு பேசறது?" ஒரே அறை வீடு, ஆறு பேர். யாருக்குப் பேசினாள் என்று போனை வாங்கிப் பார்ப்பார்கள். 2021 ஜூனில் 2,000 ரூபாய் நிவாரணம் வாங்க ரேஷன் கடை வரிசையில் நின்றபோதுதான் அவள் என்னை அழைத்தாள். முக்கால் மணி நேரம் பேசினாள். நடுநடுவே "வரேன்க்கா, நகருங்க" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டே, தனக்குச் சில நாட்களாக எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்றாள். நிச்சயம் பண்ணிவிட்டார்கள் என்பதைக் கடைசியில்தான் சொன்னாள். வரிசை நீளமாக இருந்தது, அதனால் அவ்வளவாவது பேச முடிந்தது.

இது மாணவர்களின் மனபலம் பற்றிய பிரச்சினை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், தற்கொலையால் இறந்த மாணவர்கள், பள்ளியும் கல்லூரியும் சேர்த்து, 2019ல் 10,335 பேர், 2020ல் 12,526 பேர், 2021ல் 13,089 பேர். தொற்று தணிந்த 2022லும் 13,044. கொரோனா போய்விட்டது, எண்ணிக்கை இறங்கவில்லை. அப்படியென்றால் அந்த ஓட்டை முன்பே இருந்திருக்கிறது, கொரோனா அதைப் பெரிதாக்கியிருக்கிறது.

இப்போது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் எந்நேரமும் கிடைக்கிறது. தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் அழையுங்கள். ஆனால் அழைக்க முடியாதவர்களுக்குக் கல்லூரிக்குள்ளேயே ஓர் ஆள் வேண்டும், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே, 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நான் பார்த்த சில கல்லூரிகளில் என்ன நடக்கிறது? ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் ஒரு பேராசிரியரைக் "கவுன்சிலிங் பொறுப்பு" என்று போட்டுவிடுகிறார்கள். இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம், வருகைப் பதிவு குறைந்தால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்கிறவரிடம், எந்தப் பிள்ளை மனதைத் திறக்கும்? அது எங்கள் மேல் உள்ள குறையும் இல்லை. அந்த வேலைக்கு நாங்கள் படிக்கவில்லை.

பிள்ளைகளைச் சேர்க்கப் போகும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வளாகம், பஸ் வசதி, பிளேஸ்மென்ட் எல்லாம் விசாரிக்கிறீர்கள். சரி. கூடவே, மனநல ஆலோசகர் யார், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்காக மாட்டிய பெயர்ப்பலகையைக் காட்டினால் விடாதீர்கள், கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.