வின் கணக்கு மட்டும் பார்த்தா பெலிக்ஸுக்கு என்ன நியாயம்?

பேஸ்பால்ல பிட்சருக்கு (பந்து போடறவருக்கு) அவர் பேர்ல எத்தனை வின் ஏறுதுங்கறதுதான் கணக்கு, மத்ததெல்லாம் கம்ப்யூட்டர் ஆளுங்க கிளப்பி விட்டதுன்னு எழுதியிருக்கீங்க, இத என்னால ஒத்துக்கவே முடியல சார். 2010ல சியாட்டில் மரைனர்ஸ் டீம் பிட்சர் பெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வின், 12 தோல்வி, ஆனா இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா அவர் பொறுப்புல விட்ட ரன், கம்மியா இருந்தா நல்லது) 2.27, கிட்டத்தட்ட 250 இன்னிங்ஸ், 232 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக் போட்டு பேட்டர அவுட் ஆக்கறது). அவர் டீம் சீசன் முழுக்க எடுத்ததே 513 ரன்தான், மேஜர் லீக்லயே கடைசி. எட்டு இன்னிங்ஸ் போட்டு ஒரே ஒரு ரன் விட்டாலும் நம்ம பேட்ஸ்மேன்கள் முட்டை வாங்குனா தோல்வி பிட்சர் பேர்லதான் ஏறும், இதுல அவர் தப்பு என்ன சொல்லுங்க? யாங்கீஸ் பிட்சர் சபாத்தியா 21 வின் எடுத்தும், லீக்கோட சிறந்த பிட்சருக்குத் தர்ற சை யங் அவார்ட் பெலிக்ஸுக்குத்தான் போச்சு, ஓட்டு போட்டவங்க ரொம்ப சரியா பண்ணாங்க.

ஆனா 2020 வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியன்ஷிப் ஃபைனல்) ஆறாவது கேம் மட்டும் எனக்கு இன்னும் ஆறல. டாம்பா பே ரேஸ் பிட்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்துதான் போட்டிருந்தார், ரெண்டே ஹிட், 9 ஸ்ட்ரைக்அவுட், 1-0 லீட், அதே பேட்டர்கள் மூணாவது ரவுண்டு ஆட வந்தா பந்துக்குப் பழகிருவாங்கன்னு கணக்க நம்பி மேனேஜர் கெவின் கேஷ் அவர வெளிய எடுத்துட்டார். உடனே டாட்ஜர்ஸ் பேட்டர் மூக்கி பெட்ஸ் டபுள் (ரெண்டாவது பேஸ் வரைக்கும் ஓடற அடி) அடிச்சார், டாட்ஜர்ஸ் 3-1 ஜெயிச்சுது. அந்த பெட்ஸ் அன்னிக்கு ஸ்னெல்கிட்ட ரெண்டு தடவையும் ஸ்ட்ரைக்அவுட் ஆனவர்.