தேக்குக் கதவும் பச்சை பெயிண்டும்

தாத்தா காலத்துத் தேக்குக் கதவு. பொங்கலுக்குப் பொங்கல் எனாமல் பூசியே அதன் முகத்தை மூடிவிட்டார்கள், நல்ல தேக்குக்கு யாராவது பச்சை பெயிண்ட் அடிப்பார்களா? பெயிண்டைக் கழற்றும் ரிமூவர் தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் அப்பளம் மாதிரி உப்பி வருகிறது, சரி என்று பட்டித் தகட்டால் சுரண்டினால் பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் காவி. அந்தத் தாமரைச் செதுக்கலின் இடுக்கில் பழைய டூத்பிரஷ்ஷும் ஊக்கும் வைத்து நோண்டியே இடுப்பு போச்சு. உப்புத்தாளை அப்படியே போட்டுத் தேய்க்கவும் பயம்; வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதியே 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது, இது அதற்கெல்லாம் முந்தைய சரக்கு, அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது. அதனால் வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்க்கிறேன். மூன்று ஞாயிறு போயும் ஒரு பக்கம் முடியவில்லை. நேற்று வந்த பெரியப்பா, "எதுக்குடா கஷ்டப்படுற, மேல இன்னொரு கோட் அடிச்சு விட்டுடு" என்கிறார்.