கடையிலேயே சொல்லுங்களேன்!

தீபாவளிக்குத் துணி எடுக்க நேரு வீதிக்குப் போவதென்றாலே எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. கூட்டம்கூடப் பரவாயில்லை, ஐப்பசி மழையில் நனைவதும் பரவாயில்லை. கூட வருகிற மனுஷன் வாயைத் திறக்காததுதான் தாங்கவில்லை.

கடைப் பையன் புடவை புடவையாகப் பிரித்துப் போடுகிறான். "ஏங்க, இந்த மாம்பழ மஞ்சளா, அந்த அரக்கா?" என்றால், போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "உனக்குப் பிடிச்சதை எடும்மா" என்கிறார். கடை விளக்கில் ஒரு நிறம், பகல் வெளிச்சத்தில் வேறு நிறம் தெரியும். அதனால் புடவையை வாசல்வரை தூக்கிப்போய் நான் ஒருத்தியாகவே முந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பில் போட்டு, வீட்டுக்கு வந்து, ஜாக்கெட் துணியை வெட்டி, ஃபால்ஸ் தைக்கக் கொடுத்த பிறகு வருகிறது: "கலர் கொஞ்சம் டல்லா இருக்கோ?"

வெட்டிய புடவையை எந்தக் கடையில் திரும்ப எடுப்பார்கள்? பண்டிகை நெருங்கிவிட்டால் தையல்காரரும் புதுத் துணி வாங்க மாட்டார்.

இவருக்குச் சட்டை எடுக்கும்போது மட்டும் காலர், கை நீளம், தோள்பட்டைத் தையல் வரை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் செய்கிறேன், ஆசையாக. அதே அக்கறையை நானும் எதிர்பார்ப்பது தப்பா? பிடிக்கவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள், சத்தியமாகக் கோபித்துக்கொள்ள மாட்டேன்.