மகன் செத்த பக்கங்களைத் தாண்டச் சொன்னவருக்கு

ஞாயித்துக்கிழமை வாசிப்புக் கூட்டத்துல, 'அன்திங்கபிள்' புத்தகத்தைப் பேசினப்போ நடந்ததை நான் திரும்ப எழுதப் போறதில்ல. வந்தவங்க பாத்தீங்க, வராதவங்க குரூப்ல சுத்தின ஆடியோவைக் கேட்டிருப்பீங்க. ஆனா அந்த ஒரு பேச்சு, "மகன் செத்ததைப் பத்தின பக்கங்களைத் தாண்டிட்டு நேரா ஜனவரி 6க்குப் போயிடுங்க, அரசியல் அங்கதான் ஆரம்பிக்குது" (2021ல டிரம்ப் ஆதரவாளர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள்ள புகுந்த நாள் அது) அப்படின்னதும், அதுக்கு நாலு பேர் தலையாட்டினதும் என்னைத் தூங்க விட மாட்டேங்குது. சொன்னவர் வயசுல பெரியவர், நிறையப் படிச்சவர், எனக்கே புத்தகம் குடுத்துப் பழக்கினவர். அதனாலதான் அங்க எதுத்துப் பேசல. இங்க பேசறேன்.

சார், நீங்க படிச்ச அதே புத்தகத்தைத்தான் நானும் படிச்சேன். ஜேமி ராஸ்கினோட 'அன்திங்கபிள்'. அமெரிக்க நாடாளுமன்றத்துல மேரிலாண்ட் எம்.பி., அதுக்கு முன்னாடி அரசியல் சட்டம் சொல்லிக்குடுத்த பேராசிரியர். அவர் பையன் டாமிக்கு 25 வயசு, ஹார்வர்டுல சட்டம் படிச்சிட்டிருந்தான், மன அழுத்தத்தோட ரொம்ப காலம் போராடி 2020 டிசம்பர் 31 அன்னிக்குத் தன் உயிரை முடிச்சுக்கிட்டான். எழுதி வச்சுட்டுப் போன நாலு வரியில, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குங்க, விலங்குகளையும் உலகத்துல இருக்கற ஏழைகளையும் எனக்காகப் பாத்துக்குங்கன்னு கேட்டிருக்கான். ஜனவரி 5 அடக்கம். மறுநாளே இவர் ஜனாதிபதி தேர்தல் முடிவை உறுதி பண்ற எலக்டோரல் ஓட்டு எண்ணிக்கைக்கு சபைக்குப் போறார், அவரைத் தனியா விட மனசில்லாம ஒரு மகளும் இன்னொரு மகளோட வீட்டுக்காரரும் கூடப் போறாங்க. கும்பல் கதவை உடைச்சு உள்ள வந்தப்போ அந்த ரெண்டு பேரும் ஒரு ஆபீஸ் ரூம்ல மேஜைக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு, இதான் கடைசின்னு நினைச்சு மெசேஜ் அனுப்பிட்டிருந்தாங்க. முந்தின நாள் ஒரு பிள்ளையைப் புதைச்ச மனுஷன் இன்னொரு பிள்ளை எங்க இருக்கு, என்ன ஆச்சுன்னு தெரியாம நிக்கறார். இதுல எந்த வரி அரசியல், எந்த வரி குடும்பம், பிரிச்சுக் காட்டுங்க பாக்கலாம்.

அந்தக் கலவரத்தைத் தூண்டினதா பிப்ரவரில டிரம்ப் மேல செனட்ல, அதாவது மேல்சபைல, நடந்த விசாரணைக்குத் தலைமை ஏத்து வாதாடினதும் இவர்தான். குற்றவாளின்னு தீர்மானிக்க 67 ஓட்டு வேணும், 57தான் வந்துச்சு. ஜெயிக்கறது கஷ்டம்னு தெரிஞ்சும் அந்த வேலை தன்னைக் காப்பாத்துச்சுன்னுதான் எழுதறார். அந்த மகள் கிட்ட "அடுத்த தடவை நீ இங்க வரும்போது இப்படி இருக்காதும்மா"ன்னு சொன்னதும், அவ "எனக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம்ப்பா"ன்னதும், அதை அவர் தொண்டை அடைக்க செனட்ல சொன்னதும் உலகமே டிவில பாத்துச்சு. மகனோட சாவைத் தாண்டிட்டு அந்தப் பேச்சைப் புரிஞ்சுக்க முடியாது. முடியவே முடியாது.

உனக்கு ஏன் இவ்ளோ சுடுதுன்னு கேப்பீங்க. 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்துல என் தம்பி தவறிட்டான். காரியம் முடிஞ்ச கையோட எனக்கு எலக்‌ஷன் டூட்டி. "லெட்டர் குடுத்து விலக்கு வாங்கிக்கோம்மா"ன்னு அம்மா சொன்னாங்க, நான்தான் போறேன்னேன், வீட்டுல உக்காந்தா வாசல்ல கிடக்கற அவன் செருப்புதான் கண்ணுல படும். பூத்ல எனக்கு மை வைக்கற வேலை. இடது கை ஆள்காட்டி விரலைப் பாத்து, நகமும் தோலும் சேர்ற இடத்துல குச்சியால கோடு இழுத்து, ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கி, ஸ்லிப் எழுதிக் குடுக்கணும். மத்தியானம் என் தம்பி பேர்லயே ஒரு பையன் வந்தான். பட்டியல் வச்சிருந்த ஆபீசர் பேரைச் சத்தமா வாசிச்சார், ஏஜெண்ட்டுங்க எல்லாம் குனிஞ்சு டிக் பண்ணாங்க, எனக்கு முன்னாடி ஒரு கை நீட்டிக்கிட்டு நிக்குது. மை வச்சேன். சாயங்காலம் கணக்கு ஒத்துப்போச்சு, ஒரு ஓட்டுகூட இடிக்கல. அழுதா வேலை கெட்டுடும்னு சொல்றவங்க கிட்ட நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, "உணர்ச்சி நுழைஞ்சா வரலாறு கெட்டுடும்"னு கமெண்ட்ல கண்டிப்பா ஒருத்தர் வருவார். அவர் ட்ரூ கில்பின் ஃபாஸ்ட் எழுதின 'திஸ் ரிபப்ளிக் ஆஃப் சஃபரிங்'கைப் படிக்கணும். ஹார்வர்டுக்குத் தலைவரா இருந்த வரலாற்றாசிரியர், அமெரிக்க உள்நாட்டுப் போரை முழுக்க சாவு வழியாவே எழுதியிருக்காங்க. 6 லட்சத்துக்கும் மேல செத்த போர் அது. செத்தவன் யாருன்னு அடையாளம் கண்டு வீட்டுக்குத் தகவல் சொல்ல ராணுவத்துகிட்ட ஒழுங்கான ஏற்பாடே கிடையாது. சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி சிப்பாய்ங்க பேரையும் ஊரையும் பேப்பர்ல எழுதி சட்டையில குத்திக்கிட்டாங்க. என் பையன் எங்க, என் புருஷன் எங்கன்னு தேடின குடும்பங்களோட அழுகை அரசாங்கத்துக்கு ஒரு கடமையா மாறி, போர் முடிஞ்சப்பறம் அரசாங்கத்துப் பக்கம் நின்ன வடக்கு தரப்புல செத்த 3 லட்சத்துக்கும் மேல பேரைத் தோண்டி எடுத்து 74 தேசிய கல்லறைகள்ல திரும்ப அடக்கம் பண்ணாங்க. பிரிஞ்சு போய் எதுத்துச் சண்டை போட்ட தெற்குக்காரங்க பொணத்தை அரசாங்கம் எடுக்கல, அந்த ஊர்ப் பொம்பளைங்க சங்கம் வச்சு எடுத்தாங்க, அந்த ஆத்திரத்துலயும் அரசியல் வளந்துச்சு, அது சுலபத்துல அடங்கவும் இல்ல. துக்கத்தைக் கழிச்சுட்டு இந்த வரலாறை எழுதுங்க, என்ன மிஞ்சுதுன்னு பாப்போம். லிங்கனே 1862 பிப்ரவரில, போர் நடுவுல, 11 வயசுப் பையன் வில்லியை டைஃபாய்டுக்குக் குடுத்த அப்பாதான்.

"அரசியல்வாதிங்க சாவை வித்து ஓட்டு வாங்கறாங்க"ன்னு இன்னொரு வாதம். வாங்கறவங்க இருக்காங்க. அதுக்காக எல்லாரையும் அதே கண்ணோட பாக்கறதா? அதுக்கு மேல இதுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்ல.

"அமெரிக்காக்காரன் அழுகைக்கு நீ ஏன் கண்ணைக் கசக்கறே"ன்னு கேட்டவங்களுக்கு ஒண்ணு. இதே குரூப்ல அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் பதவியைப் பறிச்ச வாட்டர்கேட் விவகாரம் பத்தி, வியட்நாம் பத்தி ராத்திரி பூரா பேசினோம். அப்போ யாரும் எந்த நாடுன்னு கேக்கல. நிக்சன் டேப் எல்லாம் நமக்கு சொந்தம், ஒரு அப்பா பிள்ளையை இழந்தது மட்டும் அந்நிய நாட்டு சமாச்சாரமா? அதையும் ஒரு பொம்பளை பேசினா உடனே "சென்டிமென்ட்". அதே துக்கத்தை ஒரு ஆம்பளை போர்னு பேர் வச்சுப் பேசினா ஆய்வு. இது எனக்கு ரொம்ப வலிக்குது, மறைக்க விரும்பல. தம்பி போன மாசம் ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தங்க "இன்னும் எத்தனை நாளைக்கு மூஞ்சியை இப்படி வச்சிருப்பீங்க"ன்னு கேட்டாங்க. அந்தக் குரலும் ஞாயித்துக்கிழமை கேட்ட குரலும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. துக்கத்துல இருக்கறவங்க சீக்கிரம் வாயை மூடணும், அவ்ளோதான் எல்லாருக்கும் வேணும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜெஸ்மின் வார்டு வாயை மூடல. அவங்களுக்கு மிசிசிப்பி மாநிலத்துல டிலைல்னு சின்ன ஊர். 2000ல இருந்து 2004க்குள்ள அவங்களுக்கு நெருக்கமான அஞ்சு கறுப்பின இளைஞர்கள் போயிட்டாங்க, ஒருத்தனைச் சுட்டாங்க, ஒருத்தன் ரயில் கிராசிங்ல, ஒருத்தன் தற்கொலை, இப்படி. முதல்ல போனது சொந்தத் தம்பி ஜோஷுவா, 19 வயசு. குடிச்சுட்டு ஓட்டின ஒரு வெள்ளைக்காரன் பின்னாடி வந்து இடிச்சான். விபத்து நடந்த இடத்துல நிக்காம போனதுக்குத்தான் அவனுக்கு தண்டனை, 5 வருஷம், அதையும் முழுசா அனுபவிக்கல. அந்தப் பையன் உயிருக்குன்னு தனியா ஒரு நாள்கூட இல்ல. 'மென் வி ரீப்ட்'ங்கற தன் புத்தகத்துல வார்டு அந்தச் சாவுகளைக் கடைசில இருந்து முதலுக்குப் பின்னாடி நடந்து போயி சொல்றாங்க, அதனால தம்பி சாவு கடைசிலதான் வருது. ஒவ்வொரு அத்தியாயமா அதை நோக்கிப் போறோம்னு தெரிஞ்சேதான் படிக்கணும். இனவெறி, வறுமை, கோர்ட்டு எல்லாம் அந்த வழியிலதான் இருக்கு, தனியா ஒரு அரசியல் அத்தியாயம்னு எதுவும் கிடையாது.

அடுத்த மாசக் கூட்டத்துல நான் பேசறதா ஒத்துக்கிட்ட புத்தகம் இதுதான். "சுருக்கமா, அரசியலை மட்டும் பேசுங்க"ன்னு நேத்து மெசேஜ் வந்துச்சு. ஜோஷுவா அத்தியாயத்தை முழுசா வாசிச்சுட்டுத்தான் பேசுவேன். அதுக்கு நேரம் குடுக்க முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, எங்க ஸ்கூல் பக்கத்து நூலகத்துல இடம் கேட்டு வச்சிருக்கேன், வர்றவங்க அங்க வரலாம். சார், நீங்களும்.