மிட்டாய் விலையாம்!

இரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவைப் பார்த்திருப்பீர்கள். பதினோரு பேர் என்னை அதில் டேக் செய்திருந்ததால் நானும் பார்க்க வேண்டியதாகிவிட்டது. அறுபது வருடமாக மக்கள் வரிப்பணத்தில் அணுசக்தித் துறை உருவாக்கியதை எல்லாம் மிட்டாய் விலைக்குத் தனியாரிடம் தூக்கிக் கொடுக்கிறார்களாம். ஆதாரத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட். லைசென்ஸ் தரும் தொழில்நுட்பங்களின் பட்டியல், எதிரே சில லட்சம் ரூபாய்க் கட்டணம். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு.

நான் போட்டது ஒரே ஒரு கமெண்ட். "அந்தக் காசுக்குக் கிடைப்பது பொருள் இல்லை, ஃபைல்." அதற்கு ஒரு தம்பி, "அண்ணன் கம்பெனி வைத்திருக்கிறார், அப்படித்தான் பேசுவார்" என்று எழுத, எண்பது சொச்சம் லைக். சரி, கம்பெனி வைத்திருக்கும் அண்ணன் கொஞ்சம் நீளமாகவே பேசிவிடுகிறேன்.

என் கம்பெனி அம்பத்தூரில் இருக்கிறது. ஷீட் கூரை, ஒன்பது பேர், மழை பெய்தால் ஏழு பக்கெட். ஏழு வருடத்துக்கு முன்பு ஓர் அரசு ஆய்வகத்திடமிருந்து கதிர்வீச்சு அளக்கும் கைக்கருவி ஒன்றுக்கு லைசென்ஸ் எடுத்தேன். எந்த ஆய்வகம் என்பது வேண்டாம், எனக்கு இன்னமும் அங்கே நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள். அந்தச் 'சில லட்சத்தை'க் கட்டினேன். விற்றால் ராயல்டி தனி. சால்வை போர்த்தி போட்டோ எடுத்தார்கள். அப்புறம் சர்க்யூட் வரைபடம், உதிரிபாகப் பட்டியல், சோதனை செய்யும் முறை, இரண்டு நாள் பயிற்சி. பட்டியலில் இருந்த முக்கியமான ஐசி சிப் ஒன்றைத் தயாரிப்பாளர் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார். அது எனக்கு எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்கும் ரிச்சி தெருவில் போய் நின்றபோதுதான் தெரிந்தது.

ஆய்வகத்தில் அந்தக் கருவி அருமையாக வேலை செய்தது, பொய் சொல்ல மாட்டேன். ஏசி அறை, பக்கத்தில் அதை உருவாக்கிய விஞ்ஞானியே நின்றார். நான் செய்ய வேண்டியது வேறு. மே மாத வெயிலில் லாரியில் போய், எவனோ ஒருவன் கீழே போட்டு எடுத்த பிறகும் அது சரியாகக் காட்ட வேண்டும். நூறு செய்தால் நூறும் ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒன்று செய்வதற்கும் நூறு செய்வதற்கும் நடுவே இருக்கிற அந்தத் தூரத்துக்கு யார் காசு கொடுப்பது? போர்டை மறுபடி டிசைன் செய்து, மோல்டு வெட்டி, ஒவ்வொன்றும் சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் காலிபரேஷனுக்கு அனுப்பி... மோல்டுக்கு மட்டுமே லைசென்ஸ் கட்டணத்தைவிட அதிகம் ஆனது. ஊரப்பாக்கத்தில் மகள் பெயரில் வாங்கிய அரை கிரவுண்டு அதில் போயிற்று. மிட்டாய் விலையாம்.

இன்னொன்று. எனக்குக் கொடுத்த அதே ஃபைலைக் கேட்கிற எல்லோருக்கும் கொடுப்பார்கள். பொதுப்பணத்தில் செய்தது, ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் இதே ஆட்கள் "ஊழல்" என்று வட்டம் போடுவார்கள், ஆகவே அதில் நியாயம் உண்டு. ஆனால் நாளைக்கு அடுத்த தெருக்காரனும் அதே கருவியைச் செய்யலாம் என்றால் எந்த பேங்க் மேனேஜர் எனக்குக் கடன் கொடுப்பார்? கேட்டுப் பார்த்தேன். டீ கொடுத்தார்.

சரியாக நடந்ததும் இருக்கிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கோபால்ட் மெஷின் ஒரு காலத்தில் கனடாவிலிருந்துதான் வரும், தெரட்ரான் என்று பெயர். பாபா அணு ஆராய்ச்சி மையம் நம் ஊரிலேயே ஒன்றை வடிவமைத்து பாபாட்ரான் என்று பெயர் வைத்தது. பெங்களூரின் பனேசியா நிறுவனம் அதை எடுத்துத் தயாரித்தது. முதல் மெஷின் நவி மும்பையில் டாடா நினைவுப் புற்றுநோய் மையத்தின் வளாகத்தில் நின்றது. பிறகு வியட்நாம், மங்கோலியா, கென்யா வரை போயிற்று. அது லைசென்ஸ் தாளால் மட்டும் நடக்கவில்லை. உருவாக்கியவர்களும் தயாரித்தவர்களும் வருடக்கணக்கில் ஒரே மெஷினோடு மல்லுக்கட்டினார்கள். அதைப் பார்ட்னர்ஷிப் என்று சொல்லலாம். எனக்குக் கிடைத்தது சால்வை.

"அமெரிக்காவைப் பாருங்கள்" என்று ஒரு கோஷ்டி வரும். பார்ப்போமே. அங்கே அரசுப் பணத்தில் செய்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகமே சொந்தம் கொண்டாடி லைசென்ஸ் கொடுக்கலாம் என்று 1980லேயே பே-டோல் சட்டம் போட்டுவிட்டார்கள். ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அரசு உதவியோடு பிறந்த சிறிய அணு உலை வடிவமைப்பு ஒன்று 2007ல் நியூஸ்கேல் என்ற கம்பெனியானது. 2023 ஜனவரியில் அந்த நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அதன் வடிவமைப்புக்குச் சான்று கொடுத்தது. அதே வருடம் நவம்பரில், இடாஹோவில் வரவிருந்த அவர்களுடைய முதல் திட்டத்தையே கைவிட்டார்கள். ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 58 டாலர் என்று சொன்ன மின்சாரம் 89 டாலராகிவிட்டது. அவ்வளவு பணமும் அரசு ஆதரவும் இருந்தே பதினாறு வருடத்தில் அந்தக் கதி. இங்கே ஒன்பது பேரை வைத்துக்கொண்டு நான் கொள்ளையடித்துவிட்டேன்.

"நாட்டின் ரகசியம் வெளியே போகாதா?" ஐயா, கொடுப்பது தண்ணீர் சுத்தம் செய்யும் சவ்வும் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனும் கதிர்வீச்சு அளவுமானியும். 2025 டிசம்பரில் நிறைவேறிய சாந்தி என்ற அணுசக்திச் சட்டம் தனியாரை அணுமின் நிலையத்துக்குள் விட்டாலும், யுரேனியம் செறிவூட்டுவதும் பயன்படுத்திய அணு எரிபொருளை மறுசுத்திகரிப்பதும் அரசின் கையில்தான். பாதுகாப்பு சம்பந்தப்பட்டதை வெளிநாட்டுக்கு விற்பதைக் கட்டுப்படுத்த ஸ்கோமெட் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள். சாந்தி சட்டத்தில், விபத்து நடந்தால் உபகரணம் கொடுத்த சப்ளையரின் பொறுப்பு பற்றிக் கேட்டால் அது நியாயமான கேள்வி, போபால் நினைவு எனக்கும் இருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசலாம், இன்றைக்கு நான் வேறு கோபத்தில் இருக்கிறேன்.

கோபம் அந்தத் தம்பி மேல்கூட இல்லை. கருவி தயாரான வருடம் ஓர் அரசு அலுவலகம் இதே மாதிரிக் கருவிக்கு டெண்டர் விட்டது. முதல் நிபந்தனை, இதே கருவியை மூன்று வருடம் சப்ளை செய்த அனுபவம். புதிதாகப் பிறந்த கருவிக்கு மூன்று வருட அனுபவம் எங்கிருந்து வரும்? சிறு நிறுவனங்களுக்குத் தளர்வு கொடுக்கலாம் என்று விதி இருக்கிறதே என்றேன். "கொடுக்கலாம் என்றுதானே இருக்கிறது, கொடுக்க வேண்டும் என்று இல்லையே சார்" என்றார் அந்த அதிகாரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஜெர்மன் கருவி வாங்கினார்கள். அரசு ஆய்வகம் பெற்ற பிள்ளையை அரசு அலுவலகம் வாசலில் நிறுத்திவிட்டது. அதற்கு யாராவது சிவப்பு வட்டம் போட்டீர்களா?

கருவியை உருவாக்கிய விஞ்ஞானி ஓய்வு பெற்றுவிட்டார். ஏதாவது சந்தேகம் என்றால் இப்போதும் அவர் வீட்டு நம்பருக்குத்தான் அடிப்பேன். வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்காது, அவர் மனைவி ஸ்பீக்கரில் போட்டுக் கொடுப்பார். "எத்தனை வித்தது?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நாற்பத்தொன்று என்று போன வாரம் சொன்னேன். நானூறு என்று காதில் விழுந்திருக்கும் போலிருக்கிறது, ரொம்ப சந்தோஷப்பட்டார். நான் திருத்தவில்லை.

லைசென்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, அதே சில லட்சம். மேஜை மேல்தான் கிடக்கிறது. திங்கட்கிழமை கட்டிவிடுவேன் என்று நினைக்கிறேன்.