பாட்டால் என்ன பயன் என்பவர்களுக்கு

இணையத்தில் பாட்டு வெளியிட்டு நீதி கேட்கும் பிள்ளைகளை, பாட்டால் என்ன பயன் என்று கேட்கும் ஒரு கட்டுரையில், அதன் ஆசிரியர் ‘விருப்பக்குறி வேட்டைக்காரர்கள்’ என்று ஒதுக்கியிருக்கிறார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2021ஆம் ஆண்டு இறுதியில் இலங்கையெங்கும் சமையல் எரிவாயுத் தீவிபத்துகள் நடந்தபோது, திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீடும் எரிந்தது. உயிரோடு வெளியே வந்தோம், அது கடவுள் செயல். குசினியை அடுத்த அறையில் அம்மம்மாவின் ஆர்மோனியம் இருந்தது. மரப்பெட்டி முழுவதும் சாம்பல். கறுத்துப்போன பித்தளை நாக்குகள் மட்டும் மிஞ்சின. அவர் பாடிய ஒலிநாடாக்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அந்த இழப்பை இன்றும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

சமையல் எரிவாயுவில் கலந்திருக்கும் புரொப்பேன் என்ற வாயுவின் விகிதம் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும் என்பதை எனக்கு முதலில் விளங்கவைத்தது இணையத்தில் வந்த அப்படியொரு பாட்டுத்தான். அறிக்கைகளை யார் வீட்டில் வாசிக்கிறார்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே திரிந்தார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி அரசு சமூக வலைத்தளங்களை முடக்கியதே, அங்கு எழும் குரல்களுக்கு வலு இல்லையென்றா?

பாட்டு வெளியிடும் தம்பி தங்கைமாரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த பாட்டில் இவற்றையும் சேருங்கள்: சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு தேங்கும்; மணம் வந்தால் மின்சுவிட்சைத் தொடவே கூடாது; கதவு, யன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும்; புகை சூழ்ந்தால் தவழ்ந்து வெளியேற வேண்டும்; தீயணைப்புக்கு அழைக்கும் இலக்கம் 110. அந்த இலக்கம் பல்லவியிலேயே வரட்டும்.